உண்மைக்கு முகூர்த்தம் பார்ப்பவர்கள்

2006 அக்டோபர் 12 அன்று பிரெஞ்சு தேசிய சபை ஒரு மசோதாவை நிறைவேற்றியது. 1915-இல் ஒட்டோமான் ஆட்சி ஆர்மீனியர்களுக்குச் செய்தது இனப்படுகொலையே அல்ல என்று பேசுபவருக்கு ஓராண்டுச் சிறை, 45,000 யூரோ அபராதம். புலம்பெயர்ந்த ஆர்மீனியர்கள் பலர் கொண்டாடினார்கள். இஸ்தான்புல்லில் ‘ஆகோஸ்’ என்ற இருமொழி வார இதழை நடத்திவந்த ஹ்ரான்ட் டிங்க் கொண்டாடவில்லை. அவரும் ஆர்மீனியர்தான். ‘துருக்கியத்தை இழிவுபடுத்தினார்’ என்று முந்தைய ஆண்டு அங்கே தண்டனை பெற்றவர். ராய்ட்டர் பேட்டியில் இனப்படுகொலை என்ற சொல்லைச் சொன்னதற்காக 2006-இல் இன்னொரு வழக்கும் அவர்மேல் இருந்தது. அப்படிப்பட்டவர், பிரான்சில் இது சட்டமானால் தானே அங்கு போய், தன் நம்பிக்கைக்கு மாறாக, இனப்படுகொலை நடக்கவில்லை என்று பேசிச் சட்டத்தை மீறப்போவதாக அறிவித்தார்.

வீம்புக்குச் சொன்னதல்ல. சொன்னால் தண்டிக்கும் அரசும் மறுத்தால் தண்டிக்கும் அரசும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்பது அவர் கட்சி. 1915-இன் உண்மை ஆவணங்களிலும் டெயர் எஸ் ஸோர் பாலைவனத்துக்கு நடத்திச் செல்லப்பட்டவர்களின் சந்ததியிடமும் இருக்கிறது. அதற்குக் காவலாளி வேலை பார்க்க எந்த அரசுக்கும் யோக்கியதை இல்லை என்று அவர் நினைத்தார். நாமும் அப்படியே நினைக்கிறோம்.

பிரான்சையே பாருங்கள். 2005 பிப்ரவரியில் அதே நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சட்டத்தின் 4-ஆம் பிரிவு, கடல்கடந்த நாடுகளில், குறிப்பாக வட ஆப்பிரிக்காவில், பிரெஞ்சுக்காரர்கள் ஆற்றிய நல்ல பங்கைப் பள்ளிப் பாடத்திட்டம் எடுத்துக்காட்ட வேண்டும் என்றது. 1945-இல் அல்ஜீரியாவின் செதிஃபில் ஆயிரக்கணக்கில் மக்களைக் கொன்றதும் அந்த நல்ல பங்கில் சேர்த்தியா என்று யாரும் கேட்கக்கூடாது. எதிர்ப்பு கிளம்பியதால் மறு ஆண்டு அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. இந்தச் சட்டத்தையும் ஆர்மீனிய மசோதாவையும் ஒரே சபை, இரண்டு வருட இடைவெளிகூட இல்லாமல் நிறைவேற்றியது. 2011 டிசம்பரில், அதிபர் தேர்தலுக்குச் சில மாதங்கள் இருக்கும்போது, அதிபர் சார்கோசியின் கட்சி ஆர்மீனிய மசோதாவை மறுபடியும் தூசி தட்டி எடுத்தது. உடனே துருக்கியின் அன்றைய பிரதமர் எர்துவான் அல்ஜீரியாவைச் சுட்டிக்காட்டினார். சுட்டிய விரல் யாருடையது என்பதை மறந்துவிட்டால், அவர் சொன்னதில் தவறில்லை. பிரெஞ்சு அரசமைப்பு மன்றம் 2012 பிப்ரவரியில் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது.

அமெரிக்காவின் கதையில் முகூர்த்தம் பார்ப்பது இன்னும் அப்பட்டம். கொலை நடந்துகொண்டிருந்த 1915-இலேயே அதன் தூதர் ஹென்றி மார்கென்தாவ் ஓர் இனத்தையே அழிக்கிறார்கள் என்று வாஷிங்டனுக்குத் தந்தி அனுப்பிவிட்டார். தெரியாது என்று சொல்ல வழியே இல்லை. 2005-இல் ஆர்மீனியாவுக்கான தூதர் ஜான் எவான்ஸ் இனப்படுகொலை என்ற சொல்லை வெளிப்படையாகச் சொன்னார். பதவிக்காலம் முடியும் முன்பே போக வேண்டியதாயிற்று. 2007-இல் இனப்படுகொலையை அங்கீகரிக்கும் தீர்மானம் கீழவைக் குழுவில் தேறும் முன்பே முன்னாள் வெளியுறவு அமைச்சர்கள் எட்டுப் பேர், இரு கட்சிக்காரர்களும் சேர்ந்து, வேண்டாம் என்று கடிதம் எழுதினார்கள். ஈராக் போருக்கான சரக்கு துருக்கியின் இன்ஜிர்லிக் விமானதளம் வழியாகப் போய்க்கொண்டிருந்த காலம் அது. வேட்பாளராக வாக்குறுதி கொடுத்த ஒபாமா, அதிபராக, ஆர்மீனிய நினைவு நாளான ஏப்ரல் 24 வந்த எட்டு முறையும் அந்தச் சொல்லைத் தவிர்த்தார்.

பிறகு 2019 அக்டோபரில் துருக்கிப் படை வடகிழக்குச் சிரியாவுக்குள் நுழைந்தது. மூன்றே வாரத்தில் கீழவை 405-க்கு 11 என்று இனப்படுகொலையை அங்கீகரித்தது. அதற்குத் தேர்ந்த நாள் அக்டோபர் 29, துருக்கியின் குடியரசு தினம். அந்த மூன்று வாரத்தில் 1915 பற்றிப் புதிய சான்று ஒன்றும் கிடைத்துவிடவில்லை.

பிரிட்டன் சிக்கனமான நாடு, அதற்கு ஒரு குறிப்பே போதும். சான்றுகள் ‘போதிய ஐயமின்றி’ இல்லை என்பதுதான் பல்லாண்டு அதன் நிலைப்பாடாக இருந்தது. வழக்கறிஞர் ஜெஃப்ரி ராபர்ட்சன் தகவல் உரிமைச் சட்டத்தில் பெற்று 2009-இல் வெளியிட்ட உள்குறிப்புகளில் அதிகாரிகளே மனம்திறந்திருந்தார்கள்: அறம் சார்ந்து நம்மை விமர்சிக்க இடமுண்டு, ஆனால் துருக்கியோடு அரசியல், வியூக, வணிக உறவு இருப்பதால் இதை விட்டால் வேறு வழியில்லை.

ஜெர்மனியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். யூதப் படுகொலையை மறுத்தால் அங்கே ஐந்தாண்டுவரை சிறை. அதன் வரலாறு அப்படி. அந்தச் சட்டத்தோடு நமக்குச் சண்டையில்லை. தன் குற்றத்தைத் தன் மண்ணில் மறுக்காதே என்று தன் குடிமக்களிடமே சொல்கிறது. ஆனால் 1915-இல் ஜெர்மனி துருக்கியின் போர்க்கூட்டாளி. கண்டிக்கலாம் என்று தன் தூதர் எழுதியபோது, ஆர்மீனியர்கள் அழிந்தாலும் சரி, போர் முடியும்வரை துருக்கி நம் பக்கம் நிற்க வேண்டும் என்று குறிப்பெழுதினார் அன்றைய பிரதமர் பெத்மன் ஹோல்வெக். 2016 ஜூன் 2 அன்று நாடாளுமன்றம் அந்த உடந்தையையும் ஒப்புக்கொண்டு தீர்மானம் போட்டது. வாக்கெடுப்புக்குப் பிரதமர் மெர்கல் வரவில்லை. இன்ஜிர்லிக்கில் இருந்த ஜெர்மன் வீரர்களைப் பார்க்க ஜெர்மன் எம்.பி.க்களுக்குத் துருக்கி தடை போட்டது. செப்டம்பரில், அந்தத் தீர்மானம் சட்டப்படி அரசைக் கட்டுப்படுத்தாது என்று அரசின் செய்தித் தொடர்பாளர் விளக்கினார். எம்.பி.க்களுக்கு அனுமதி கிடைத்தது. நமீபியாவில் 1904 முதல் 1908 வரை ஹெரேரோ, நாமா மக்களைக் கொன்றதை இனப்படுகொலை என்று ஒப்புக்கொள்ள அதே ஜெர்மனிக்கு 2021 ஆயிற்று. அப்போதும் ‘இன்றைய பார்வையில்’ என்றொரு முன்னொட்டு. 30 ஆண்டுகளில் 110 கோடி யூரோ தருவோம், இழப்பீடு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இந்தக் கணக்கு நமக்கும் புதிதல்ல. ஈழப் போர் முள்ளிவாய்க்காலில் முடிந்து பத்து நாள்கூட ஆகாத 2009 மே 27 அன்று, ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் கொழும்பைப் பாராட்டிய தீர்மானத்துக்குக் கைதூக்கிய 29 நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்பதை நம் வாசகர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. நமக்கு நடந்ததற்கும் சாட்சியம் வலுவாக இருந்தால் உலகம் ஏற்கும் என்று நம்புகிற நண்பர்கள் நம்மிடையே உண்டு. ஆர்மீனியர்களிடம் தூதரகத் தந்திகளே இருந்தன.

டிங்க் பிரான்சுக்குப் போகவில்லை. 2007 ஜனவரி 19 அன்று ஆகோஸ் அலுவலக வாசலில் பின்னாலிருந்து சுட்டுக் கொன்றார்கள். கொலைத் திட்டம் பற்றிக் காவல்துறைக்கு முன்பே தகவல் போயிருந்தது. பிடிபட்ட பதினேழு வயதுப் பையனின் கையில் தேசியக்கொடியைக் கொடுத்துப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள் சீருடைக்காரர்கள்.

அவர் குடும்பம் தொடர்ந்த வழக்கில் துருக்கி அரசு ஸ்ட்ராஸ்பூர்க் மனித உரிமை நீதிமன்றத்தில் கொடுத்த எதிர்வாதம் 2010-இல் வெளியே கசிந்தது. டிங்க்குக்குக் கொடுத்த தண்டனை சரிதான் என்று காட்ட அது எடுத்துக்காட்டிய முன்வழக்கு, ஜெர்மனி தண்டித்த புதிய நாஜி ஒருவருடையது. யூதப் படுகொலையின் நினைவைக் காக்க ஐரோப்பா வளர்த்த சட்டத் தர்க்கத்தை, இனப்படுகொலை நடந்தது என்று சொன்ன ஓர் ஆர்மீனியர்மேல் திருப்பியிருந்தார்கள். சொந்த வெளியுறவு அமைச்சரே சங்கடப்பட்டார். நீதிமன்றம் செப்டம்பரில் துருக்கிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது: உயிரைக் காக்கவில்லை, பேச்சுரிமையையும் மறுத்தது. டிங்க்மேல் பாய்ந்த, இழிவுபடுத்தலைத் தண்டிக்கும் 301-ஆம் பிரிவு இன்றும் துருக்கியின் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. வழக்குப் போட நீதி அமைச்சரின் அனுமதி வேண்டும் என்பது 2008-இல் வந்த திருத்தங்களில் ஒன்று.