கயிற்றை இழுத்துப் பார்ப்பது யார் வேலை?

மன்னார்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், வாய்க்கால் கரையை ஒட்டி டிரெய்லரைப் பின்புறமாக நிறுத்தியிருந்தார்கள். கரையும் டிரெய்லர் தளமும் ஏறக்குறைய ஒரே மட்டம்; நடுவே இரண்டு பலகை. விலைபேசி முடித்த பழைய மாஸி பெர்குசன் அதன் மேல் ஊர்ந்து ஏறியது. ஏறியதும் கூட்டம் கலைந்துவிட்டது. புரோக்கர் கமிஷனை எண்ணிக்கொண்டிருந்தார். வாங்கியவர் போனில் இருந்தார். டிரைவர் மட்டும் நைலான் கயிற்றை முன் அச்சில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு, பின் சக்கரத்துக்குச் செங்கல்லை அண்டை கொடுத்தார். “ஹேண்ட்பிரேக் போட்டாச்சா?” என்று யாரோ கேட்க, “அது புடிச்சுப் பத்து வருஷமாச்சு” என்றார் விற்றவர்.

இரண்டு கிலோமீட்டர் தாண்டி ரயில்வே கேட்டில் பார்த்தபோது டிராக்டர் ஒரு சாண் முன்னே நகர்ந்திருந்தது. செங்கல்லில் ஒன்றைக் காணோம். எந்த வளைவில் எந்த டூவீலருக்காக அது கிடந்ததோ!

இதில் டிரைவரைத் திட்டுவது சுலபம். ஆனால் டிராக்டரைக் கட்டுவது தன் வேலை என்று அங்கிருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதுதான் சங்கதி. கைமாறும் அந்த ஒரு மணி நேரம் டிராக்டருக்குச் சொந்தக்காரரே கிடையாது.

அந்த ரக டிராக்டர் சுமார் 1,700 கிலோ. பின் டயரில் தண்ணீர் ஏற்றியிருந்தால் இன்னும் கூடும். எடையில் பெரும்பங்கு பின் அச்சின் மேல். இரு சக்கர டிரெய்லரில் அந்த எடை டிரெய்லர் அச்சுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தால் கொக்கி மேலே எம்பும்; டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். கடும் பிரேக்கில் சரக்கு தன் எடையில் பத்தில் எட்டுப் பங்கு விசையோடு முன்னே பாயும் என்று கணக்கு வைத்தே கட்டச் சொல்கின்றன அமெரிக்க, ஐரோப்பிய விதிகள். நம் டிராக்டருக்கு அது 1,360 கிலோ. நைலான் கயிறு வைக்கோலுக்குச் சரி. இரும்பு விளிம்பில் உரசினால் அது அறுந்துபோகும். அறுவதற்கு முன்னால் நீளும்.

வேண்டியது இவ்வளவுதான்: நான்கு மூலைக்கும் தனித்தனிச் சங்கிலி, அதை இறுக்கும் டர்ன்பக்கிள், அச்சிலோ சேஸிஸிலோ பிடிப்பு, கியரில் போட்ட வண்டி, சக்கரத்துக்கு மரக்கட்டை, கலப்பை மாட்டியிருந்தால் தரையோடு தரையாக இறக்கிய ஹைட்ராலிக். ஸ்டியரிங் ராடில் கட்டவே கூடாது. கொக்கி போன பானெட்டோடு டிராக்டரைப் பின்னோக்கி ஏற்றினால் காற்று அதைத் தூக்கிவிடும். அதற்கும் ஒரு கட்டு வேண்டும். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடியதும் ஒரு டீக்கடையில் நிறுத்திச் சங்கிலிகளை மறுபடி இறுக்க வேண்டும். முதல் ஓட்டத்தில் எல்லாக் கட்டும் தளரும்.

அந்த டிரைவரிடம் கேட்டேன். “வாடகையில முன்னூறு குறைங்கன்னு அரை மணி நேரம் பேசினாங்க சார். செயினுக்கு நான் எங்க போவேன்?” என்றார். பதில் நியாயமானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவும் ஓட்டுபவரை மட்டும் பிடிக்கவில்லை. அதிக சுமையோடு ஓட்டச் செய்தவரையும் அனுமதித்தவரையும் சேர்த்தே சொல்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய், மிஞ்சும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. முன்னூறு ரூபாய்க்குப் பேரம் பேசியவர்கள் இதையும் கணக்கில் சேர்க்கலாம்.

ஆகவே விலை பேசும்போதே கட்டுக்கூலியையும் பேசிவிடுவோம். ஆர்.சி. புத்தகம் கைமாறும் முன் விற்றவர், வாங்கியவர், டிரைவர் மூவரும் ஆளுக்கொரு முறை சங்கிலியை இழுத்துப் பார்க்கட்டும். வழியில் நிறுத்தும் காவலர் காகிதத்தோடு கட்டையும் பார்க்கட்டும். ஊர் கூட்டுறவுச் சங்கம் நான்கு சங்கிலியும் நான்கு மரக்கட்டையும் வாங்கி, நாளுக்கு ஐம்பது ரூபாய் வாடகைக்கு விடலாம். உர மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு மூலை போதும். இப்படி மட்டமான கரை வாய்க்காத ஊரில், சரிவு குறைந்த ஒரு சிமெண்ட் மேடையை ஊராட்சி கட்டித் தரலாம். செங்குத்தான பலகையில் முன் சக்கரம் எழும்பினால் பழைய டிராக்டர் பின்பக்கமாகக் கவிழும். அதில் ஓட்டுபவருக்கு மேலே எந்தத் தடுப்புச் சட்டமும் கிடையாது.