பேய் இருக்கட்டும், செத்தது யார்?

யூடியூபில் பேய் மோட்டல் வீடியோ பார்க்கிற ஆட்களுக்கு க்ளவுன் மோட்டல் என்ற பெயரைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அமெரிக்காவில், லாஸ் வேகஸிலிருந்து ரீனோ போகிற நெடுஞ்சாலையில், தொனோபா என்கிற சின்னச் சுரங்க ஊரில் ரோட்டோரமாக இருக்கு. 1985இல் திறந்தது. உள்ளே எங்கு பார்த்தாலும் கோமாளிப் பொம்மைகள். பக்கத்திலேயே பழைய மயானம். ராத்திரியில் காலடிச் சத்தம் கேட்குமாம், பொம்மை அசையுமாம். பெரும்பாலான வீடியோ இதோடு முடிஞ்சிடும்.

அந்த மயானத்தில் கிடப்பவர்கள் யார்? 1901 முதல் 1911 வரை அங்கே சுமார் 300 பேரைப் புதைத்தார்கள். 1911 பெப்ரவரியில் பெல்மொன்ட் வெள்ளிச் சுரங்கம் தீப்பற்றி 17 தொழிலாளிகள் செத்தார்கள். அவர்களில் பலரும் அங்கேதான். பிக் பில் மர்ஃபி என்ற தொழிலாளி, சிக்கியவர்களை மீட்கப் புகைக்குள் திரும்பத் திரும்ப இறங்கினார். கடைசித் தடவை அவர் மேலே வரவில்லை.

இதில் பயங்கரம் எது, பொம்மையா? பேய்க்கதை செய்கிற வேலையே இதுதான். சாவை வெச்சுக்கொண்டு, சாவின் காரணத்தைத் தூக்கிப் போட்டுவிடும். பேய்க்கு முதலாளி கிடையாது, சம்பளப் பாக்கி கிடையாது, விசாரணையும் கிடையாது.

நாவலப்பிட்டியில் இருந்துகொண்டு நெவாடா கதை எதுக்கு என்று கேட்கலாம். நம்ம பாதைகளும் அப்படித்தான். கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த சனங்கள் மன்னார்ப் பக்கம் கரையேறி, மாத்தளை வரை ஏறத்தாழ 200 கிலோமீற்றர் காட்டு வழியே நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே விழுந்தார்கள். கோப்பியை இறக்க 1874இலேயே நாவலப்பிட்டி வரை ரயில் வந்துவிட்டது. சனங்களின் காட்டு நடையோ அதற்குப் பிறகும் பல வருடம் நிற்கவில்லை.

இன்றைக்கு மலையகத்தில் பழைய பங்களாக்கள் ஹொட்டேலாகின்றன. அங்கே ஆவி என்றால் துரையின் ஆவி, துரைசாணியின் ஆவி. பேரோடு வரும், சரித்திரத்தோடு வரும். லயத்தில் பிரசவத்தில் செத்தவள் மட்டும் ரோட்டு வளைவில் பேரில்லாத மோகினியாகத்தான் வர வேண்டும். செத்த பிறகும் பங்களா வேறு, லயம் வேறு.

'பேய்க்கதை இல்லாவிட்டால் அந்த மயானத்தை யார் திரும்பிப் பார்ப்பார்?' என்று ஒரு வாதம் இருக்கு. நியாயம்தான். ஆனால் பார்க்க வந்தவர் கல்லறையில் இருக்கிற பெயரை வாசிக்க வேண்டாமா? தொனோபாவில் வாசிக்கப் பெயராவது இருக்கு. மாத்தளைப் பாதையில் விழுந்தவர்களில் பெரும்பாலானோருக்கு அதுவும் இல்லை.

ஆகவே, அடுத்த முறை யாராவது 'அந்த வளைவில் பேய் இருக்கு' என்றால் சிரிக்க வேண்டாம், ஷெயார் பண்ணவும் வேண்டாம். வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேளுங்க: அங்கே செத்தது யார், எந்த வருடம், எப்படி, யார் காப்பாற்றியிருக்கலாம்? கிடைக்கிற பதிலை எழுதி வையுங்க. பயப்படுவதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.