கணக்கு ஒத்துப் போகலைன்னா தான் விஷயமே இருக்கு

"பி.காம். படிக்கிற உனக்குப் படிகத்தோட அடர்த்தி எதுக்குடா?"ன்னு வகுப்புல ஒருத்தன் கேட்டான். நியாயமான கேள்வி தான். ஆனா ப்ளஸ் டூ வேதியியல்ல எனக்குப் பிடிச்ச ஒரே கணக்கு அது. அதை நமக்குச் சொல்லிக் கொடுத்த விதம் தான் சரியில்லை.

படிகம்னா ஒரே மாதிரி குட்டிப் பெட்டிகளை அடுக்கி வச்ச மாதிரி. அந்தப் பெட்டிக்கு அலகுக்கூடுன்னு பேர். உள்ளே இருக்குற அணுக்களோட நிறையைப் பெட்டியோட கன அளவால வகுத்தா அடர்த்தி. அவ்ளோ தான்.

சமையல் உப்பை எடுத்துக்கங்க. பெட்டியோட பக்கம் 5.64 ஆங்ஸ்ட்ராம், எக்ஸ் கதிர் வச்சு அளந்தது. உள்ளே 4 சோடியம், 4 குளோரின். ஒரு மோல் உப்பு 58.44 கிராம். அதை 4-ஆல பெருக்கி, அவகாட்ரோ எண்ணாலயும் பெட்டியோட கன அளவாலயும் வகுத்தா, கன சென்டிமீட்டருக்கு 2.16 கிராம். நிஜப் படிகத்தை அளந்தாலும் கிட்டத்தட்ட அதே தான்.

விடை வந்துச்சா, மார்க் வந்துச்சா, அடுத்த கணக்குக்குப் போ! இங்க தான் எனக்கு வருத்தம்.

ஃபெரஸ் ஆக்சைடைப் பாருங்க. இரும்பும் ஆக்சிஜனும் ஒண்ணுக்கு ஒண்ணு, பக்கம் 4.30 ஆங்ஸ்ட்ராம்னு போட்டா விடை 6.0. அளந்தா சுமார் 5.7 தான். பகுப்பாய்வு பண்ணினா இரும்பை விட ஆக்சிஜன் கொஞ்சம் அதிகம்னு வருது. கூடுதல் ஆக்சிஜன் உள்ளே நுழைஞ்சிருந்தா பெட்டி கனத்திருக்கணுமே? கனம் குறையுது. அப்போ ஆக்சிஜன் கூடலை, இரும்பு தான் குறையுது. இரும்பு இருக்க வேண்டிய 100 இடத்துல சுமார் 5 காலி! கண்ணால பார்க்க முடியாத காலியிடத்தை ஒரு கழித்தல் கணக்கு காட்டிக் கொடுத்திடுச்சு.

நம்ம வங்கிச் சரிகட்டும் பட்டியலும் இதே தானே? ரொக்க ஏடும் பாஸ்புக்கும் ஒத்துப் போனா வேலை முடிஞ்சுது. ஒத்துப் போகலைன்னா தான் எந்தச் செக் இன்னும் பாஸாகலை, எந்தக் கட்டணத்தைப் பிடிச்சாங்கன்னு தெரியவரும்.

"அதெல்லாம் தியரிப்பா"ன்னு சுலபமா ஒதுக்கிடுறோம். தியரியில வர்ற எண் கையில இல்லைன்னா, நிஜத்துல என்ன குறையுதுன்னே தெரியாது.

ஆசிரியர்கள் யாராவது இதைப் படிச்சா ஒரு விண்ணப்பம். "அடர்த்தி காண்க"ன்னு கேள்வியை நிறுத்தாதீங்க. "அளந்தது இவ்வளவு, வித்தியாசம் ஏன்?"னு இன்னொரு வரி சேருங்க. ரெண்டு மார்க் அதுக்குக் கொடுங்க :-)