காய்ச்சலுக்கும் கடிகாரம் உண்டு

ஓசூர் சிப்காட்டில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். யூனியனுக்குக் கடிதம் எழுதிப் பழகிய கை என்பதால், இன்றும் யாராவது ஒரு ஃபைலோடு வீட்டுக்கு வருவார்கள். அவற்றில் கனமானவை ஆஸ்பத்திரி ஃபைல்கள். "சாதாரணக் காய்ச்சல்னுதான் சார் சேர்த்தோம். நாலாம் நாள் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு கொண்டு போனோம். லேட்டுன்னுட்டாங்க." குடும்பம் மாறும், கதை மாறாது. கேள்வியும் ஒன்றுதான்: "கேஸ் போட்டா நிக்குமா சார்?"

எல்லாச் சாவும் கவனக்குறைவு ஆகிவிடாது. ஒரு சாதாரணத் திறமையுள்ள டாக்டர் செய்யக்கூடியதைச் செய்திருந்தால், பலன் கிடைக்காததற்காக மட்டும் அவரைக் குற்றம் சொல்ல முடியாது என்று 2005-இல் ஜேக்கப் மாத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது நியாயம்தான். அதற்காக, குறையாத காய்ச்சலுக்கு ஒரே மருந்தை நாள்கணக்கில் கொடுத்துக்கொண்டிருந்தால் அதையும் விதி என்று விட்டுவிட முடியாது.

ஹைதராபாத்தில் நடந்ததைப் பாருங்கள். 2002 ஜூலை 20 அன்று, விட்டு விட்டு வரும் காய்ச்சலும் குளிரும் என்று ஒரு பெண்மணியை மருத்துவமனையில் சேர்த்தார்கள். டைபாய்டு என்று வைத்தியம் நடந்தது. 24-ஆம் தேதி வேறு மருத்துவமனைக்கு மாற்றிய சில மணி நேரத்தில் இறந்துவிட்டார். அங்கே எடுத்த பரிசோதனையில் டைபாய்டு இல்லை, மலேரியா இருந்தது. கணவர் கிஷன் ராவ் மலேரியா துறையிலேயே அதிகாரி! மாவட்ட மன்றம் 2 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. நிபுணர் சாட்சி இல்லை என்று மாநில ஆணையம் அதை ரத்து செய்தது. தேசிய ஆணையமும் ஆமோதித்தது. 2010 மார்ச் 8-இல் உச்ச நீதிமன்றம்தான், தவறு பளிச்சென்று தெரியும் வழக்கில் நிபுணர் சாட்சி கட்டாயமில்லை என்று சொல்லி, அந்த 2 லட்சத்தை மீட்டுக் கொடுத்தது.

அவரைக் காப்பாற்றியது காகிதம். ஆகவே நான் வருகிறவர்களிடம் சொல்வது இதுதான்: அழுகைக்கு நடுவிலும் கேஸ் ஷீட்டைக் கேட்டு வாங்குங்கள். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி. ரத்தத்தில் நோய்த்தொற்று பரவி பிரஷர் இறங்கிவிட்டால், ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் போட வேண்டும் என்பது உலகளாவிய மருத்துவ வழிகாட்டுதல். அப்படியிருக்க, எப்போது ரத்தம் எடுத்தார்கள், எப்போது ஊசி போட்டார்கள், எப்போது வேறு இடத்துக்கு அனுப்பினார்கள் என்ற மூன்று நேரங்களே வழக்கின் உயிர்.

நம் எல்லைப் பகுதிக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. வைத்தியம் பெங்களூருவில் என்றால் பழைய சட்டப்படி வழக்கும் பெரும்பாலும் அங்கேதான். வேலைக்கு லீவு போட்டு, பாஷை தெரியாத ஊரில் எத்தனை வாய்தாவுக்கு அலைவது? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதை மாற்றிவிட்டது. புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே, அதாவது கிருஷ்ணகிரி மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ஆஸ்பத்திரிக்குக் கட்டியது 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

"ஈஎஸ்ஐதானே சார், ஓசி வைத்தியம்" என்று ஒதுங்குபவர்களும் உண்டு. ஓசி இல்லை ஐயா! மாதாமாதம் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், முதலாளி 3.25 கட்டுகிறார். ஈஎஸ்ஐ தொழிலாளியும் நுகர்வோரே என்று 2007-இல் கிஷோர் லால் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. புரியாத காய்ச்சலை இரண்டாம் நாளே பெரிய இடத்துக்கு அனுப்புவது கௌரவக் குறைச்சல் அல்ல. நேரம் குறித்த ஒரு சீட்டோடு அனுப்புங்கள். நோயாளிக்கு அது உயிர், உங்களுக்கு அதுவே காப்பு.