கை போனால் நஷ்டம் யாருக்கு?

தை பிறந்துவிட்டால் காவிரிப் பாசனப் பகுதியில் நெல் ஆலைகளுக்கு இரவு பகல் கிடையாது. கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர், மாயவரம் என்று எந்தச் சாலையில் போனாலும் புகைபோக்கிகள் புகைந்துகொண்டிருக்கும். அவிந்த நெல்லின் வாசம் தெருவரை வீசும். சம்பா நெல் லாரி லாரியாக வந்து இறங்குகிறது. சிமெண்டுக் களத்தில் பாதம் பொரியும் சூட்டில் பெண்கள் நெல்லைக் காலால் கிளறிக்கொண்டு நடக்கிறார்கள். உள்ளே பெல்ட்டு ஓடுகிறது, எலிவேட்டர் ஓடுகிறது, அரவை நிற்பதில்லை. பெல்ட்டில் வேட்டி முனை சிக்குவதும், புல்லியில் விரல் போவதும், கொதிநீர் காலில் கொட்டுவதும் தூக்கமில்லாத இந்த மாதங்களில்தான்.

பெல்ட்டுக்குக் கம்பிவலை போடுங்கள், ஊறல் தொட்டிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டுங்கள் என்று தொழிலாளிகள் கேட்டால் வருகிற பதில் நமக்குப் புதிதல்ல. "இது சின்ன ஆலையப்பா, இதற்கெல்லாம் கட்டுப்படியாகாது." சரி, கட்டுப்படியாகிறதா இல்லையா என்று முதலாளியின் கணக்குப் பிள்ளையோடு உட்கார்ந்து பேச நாமும் தயார். தொழிலாளியின் உயிர், அவன் பெண்டாட்டி பிள்ளைகள் என்பதையெல்லாம் சற்று நேரம் ஒதுக்கி வைப்போம். முதலாளியின் லாப நஷ்டத்தை மட்டுமே பார்ப்போம்.

ஒரு விபத்து நடக்கிறது. முதலில் ஆலை நிற்கிறது. ஆனால் தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கும் நெல் நிற்பதில்லை. ஊறிய நெல்லை வேளைக்கு அவிக்காவிட்டால் அது புளிக்கத் தொடங்கும், நாற்றம் ஏறும், அந்த நாற்றம் அரிசியிலும் சோற்றிலும் போகாது. வியாபாரி முகர்ந்து பார்த்து விலையைக் குறைப்பான். அடுத்து, அடிபட்டவன் யார்? அவியல் போடுகிறவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெல் வாய் திறந்ததைக் கண்ணால் பார்த்தே ஆவியை நிறுத்துகிறவன் அவன். எந்த நேரத்தில் களத்திலிருந்து நெல்லை அள்ள வேண்டும் என்பதை அரிசியைக் கடித்துப் பார்த்தே சொல்லுகிறவன். அந்தக் கை தேர்ச்சி பத்து வருஷத்தில் வந்தது. அவனிடத்தில் நாளைக்கு ஒரு புது ஆளை நிறுத்தினால் ஆவி கூடும் அல்லது குறையும், காய்ச்சல் தவறும், அரிசி நொறுங்கிக் குருணையாகும். முழு அரிசி விலைக்கும் குருணை விலைக்கும் உள்ள தூரம் முதலாளிக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். இதற்குமேல் போலீஸ், இன்ஸ்பெக்டர், வக்கீல், நஷ்ட ஈட்டு வழக்கு. ஆலையில் மிஞ்சியிருப்பவர்களுக்கோ பயம். பயந்த கை வேகமாக ஓடாது. ஒரு கம்பிவலையின் விலை என்ன, இதெல்லாம் சேர்ந்தால் என்ன?

ஆக, முதலாளியின் கணக்குப்படி பார்த்தாலும் பத்திரம்தான் லாபம். உலக அளவிலும் இதையே சொல்லுகிறார்கள். வேலையால் வரும் விபத்துக்களாலும் நோய்களாலும் ஆண்டுதோறும் சுமார் 30 லட்சம் பேர் சாகிறார்கள் என்பது சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் மதிப்பீடு. உலக உற்பத்தியில் சுமார் 4 சதவீதம் இந்த வழியில் வீணாவதாகவும் அந்த ஸ்தாபனம் சொல்லிவருகிறது. 2022 ஜூனில் கூடிய அதன் மாநாடு, பத்திரமான வேலையிடத்தைத் தொழிலாளியின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது.

அப்படியானால் நமது ஆலை முதலாளிக்கு இந்த லாபம் ஏன் கண்ணில் படவில்லை? அவர் கணக்குத் தெரியாதவரா? இல்லை. நஷ்டத்தின் பெரும்பகுதி அவருடைய பேரேட்டில் ஏறுவதே இல்லை. கை போனவனை ஆட்டோவில் ஏற்றித் தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டால் வைத்தியச் செலவு சர்க்காருடையது. வீட்டுச் செலவுக்கு அவன் மனைவி வட்டிக்கு வாங்குகிறாள். பள்ளிக்கூடத்திலிருந்து பையனை நிறுத்துகிறார்கள். போதாக்குறைக்கு, "அவன் நம் ஆளே இல்லை, மேஸ்திரி கொண்டுவந்த ஆள்" என்று ஒரு வார்த்தையும் உண்டு. இப்படி நஷ்டத்தைக் குடிசைக்குத் தள்ளிவிட முடிகிறவரையில் கம்பிவலை அவருக்குச் செலவாகத்தான் தோன்றும். பத்திரம் வியாபாரத்துக்கு லாபம் என்று முதலாளிகளுக்கு உபதேசம் செய்கிற பெரிய மனிதர்கள் இந்த இடத்தை மட்டும் ஏனோ தொடுவதில்லை.

இது புதிய கதையுமல்ல. இங்கிலாந்தில் 1844-ல் வந்த பாக்டரி சட்டம் ஓடும் யந்திரங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்றது. பஞ்சாலை முதலாளிகள் என்ன செய்தார்கள்? 1855-ல் சங்கம் கூட்டினார்கள். தடுப்புப் போடுவதற்கல்ல; போடாததற்காக வழக்கில் மாட்டும் முதலாளிகளுக்கு வக்கீல் வைத்து வாதாடுவதற்கு! மறு வருஷமே, 1856-ல், பார்லிமெண்டில் அந்தச் சட்டத்தைத் தளர்த்தியும்விட்டார்கள். நமது நாட்டில் 1923-ல் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் வந்தது. 1948-ல் பாக்டரி சட்டமும் ஈ.எஸ்.ஐ. சட்டமும் வந்தன. தொழிலாளியின் கைக்கு முதலாளியின் பேரேட்டில் ஒரு வரி ஏறியது அதன் பிறகுதான். அந்த வரி தானாக ஏறவில்லை, ஏற்றப்பட்டது.

பெரிய ஸ்தாபனங்கள் மட்டும் வேறு மாதிரியா? நமக்குப் பக்கத்திலிருக்கும் நெய்வேலியைப் பாருங்கள். 2020 மே 7-ந் தேதி இரண்டாம் அனல் மின் நிலையத்தில் பாய்லர் விபத்து; தொழிலாளிகள் மாண்டார்கள். இரண்டு மாதம் முடிவதற்குள், ஜூலை 1-ந் தேதி, அதே நிலையத்தில் மறுபடியும் வெடித்தது. 6 பேர் அங்கேயே மாண்டார்கள். படுகாயமடைந்தவர்களில் மேலும் பலர் பிறகு இறந்தார்கள். காண்டிராக்ட் தொழிலாளிகள் அவர்களில் அதிகம். அதற்குப் பிறகுதான் யூனிட்டுகளை நிறுத்திப் பாதுகாப்புச் சோதனை நடந்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 5 கோடி ரூபாய் இடைக்கால அபராதம் விதித்தது. மே மாதத்திலேயே நிறுத்திச் சோதித்திருந்தால்? இந்தக் கேள்விக்கு எந்தக் கணக்குப் பிள்ளையும் பதில் எழுத முடியாது. 1984-ல் போபாலில் நடந்ததும் இதுவேதான். விஷவாயுத் திரவத்தைக் குளிர வைக்கும் யந்திரத்தை யூனியன் கார்பைடு நிறுத்தி வைத்திருந்தது. வாயுவை எரித்துவிடும் கோபுரமும் அன்றைக்கு வேலை செய்யவில்லை. பல ஆயிரம் ஜனங்கள் மாண்டார்கள். அந்தத் தொழிற்சாலை அதற்குப் பிறகு மூடப்பட்டது.

விபத்து கண்ணுக்குத் தெரியும். தூசி தெரியாது. தவிட்டுத் தூசியும் உமித் தூசியும் நெஞ்சில் இறங்கி இருமலாகி, இழுப்பாகி, ஐம்பது வயதில் மனிதனைத் திண்ணையில் உட்கார வைத்துவிடுகிறது. உமியை எரித்து மிஞ்சும் சாம்பலில் மிகப் பெரும்பகுதி சிலிக்கா. கல் உடைக்கிற தொழிலாளியின் நுரையீரலைத் தின்கிற அதே வகைப் பொருள் சூடேறிய உமிச்சாம்பலிலும் உண்டாகக்கூடும். அதை வெறுங்கையால், துணி கூடக் கட்டாமல், உலையின் அடியிலிருந்து வாரிக் கொட்டுகிறார்கள். முந்தானையை மூக்கில் சுற்றிக்கொள்வதுதான் நமது பெண்களுக்குத் தெரிந்த ஒரே முகமூடி. கிடங்குகளில் வண்டுக்கு வைக்கிற மாத்திரை விஷவாயுவை வெளியிடுவது. கிடங்கை மூடி வைத்து, பிறகு திறந்து காற்றாட விடாமல் மூட்டை தூக்க ஆளை அனுப்புவது கொலைக்குச் சமம்.

1967-ல் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் நெல் பதனிடும் ஆராய்ச்சி மையம் ஒன்று தொடங்கப்பட்டது. அறுவடை மழையில் நனைந்த நெல் முளைக்காமல், கெடாமல் காப்பது எப்படி என்று ஆராய்ந்தார்கள். நல்ல காரியம். இன்று அது தஞ்சாவூரில் பெரிய மத்திய நிறுவனமாக வளர்ந்து நிற்கிறது. நனைந்த நெல்லைக் காப்பாற்ற விஞ்ஞானம் வந்தது சரி. அந்த நெல்லை அவிக்கிறவனின் நெஞ்சைக் காப்பாற்ற அதே அக்கறை வர வேண்டாமா? நெல்லை விற்கலாம், நெஞ்சை விற்க முடியாது என்பதாலா?

இந்த நிலையில் சட்டம் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். 1948-ம் வருஷத்துப் பாக்டரி சட்டப்படி, மின்சாரத்தில் ஓடும் இடத்தில் 10 பேர் வேலை செய்தால் அது பாக்டரி. மின்சாரமில்லாத இடமானால் 20 பேர். 2020-ல் பார்லிமெண்டில் நிறைவேறி 2025 நவம்பர் 21-ல் அமுலுக்குக் கொண்டுவரப்பட்ட புதிய தொகுப்புச் சட்டம் இதை 20 ஆகவும் 40 ஆகவும் உயர்த்திவிட்டது. நமது பகுதி ஆலைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டு பேர், பதினைந்து பேர் வேலை செய்யும் ஆலைகள் எத்தனை? பெல்ட்டும் பாய்லரும் அங்கே முன்னைப்போலவே ஓடுகின்றன. ஆனால் அது இனி பாக்டரி அல்ல! பதினைந்து பேர் உள்ள ஆலையில் போனாலும் ஐந்நூறு பேர் உள்ள ஆலையில் போனாலும் கை ஒரே கைதானே. மேற்பார்வை செய்யும் இன்ஸ்பெக்டருக்கும் பெயரை மாற்றி, 'வசதி செய்து தருபவர்' என்று ஒரு வாலைச் சேர்த்திருக்கிறார்கள். யாருக்கு வசதி என்பதைத் தொழிலாளிகளே சொல்லட்டும்.

அதற்காக அந்தச் சட்டத்தில் நமக்கு உதவும் வரிகளை விட்டுவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. 10 பேரும் அதற்கு மேலும் உள்ள இடங்களில் முதலாளி ஒவ்வொருவருக்கும் வேலை உத்தரவுக் கடிதம் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. "நம் ஆளே இல்லை" என்ற பொய்க்கு அந்தக் காகிதம் ஒன்றுதான் மருந்து. வருஷத்துக்கு ஒருமுறை இலவச வைத்தியப் பரிசோதனை பற்றியும் சொல்லியிருக்கிறது. வேலையிடத்து ஆபத்தைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும், உடனடி ஆபத்தை எடுத்துச் சொல்லவும் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்கிறது. கேட்டால்தான் கிடைக்கும், ஒருவர் கேட்டால் வேலை போகும், பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் போகாது.

வயலுக்கு வருவோம். மிராசுதார்கள் இப்போதெல்லாம் ஒரே குரலாக "ஆள் கிடைக்கவில்லை" என்கிறார்கள். வாலிபர்கள் திருப்பூருக்குப் போய்விட்டார்கள் என்று வருத்தப்படுகிறார்கள். உடம்பைத் தின்கிற வேலைக்கு எவன் வருவான்? சட்டை கூட இல்லாமல் மருந்து அடிக்கச் சொல்லுகிறோம். காற்று எதிரே அடித்தாலும் தெளிப்பானை இறக்க விடுவதில்லை. மருந்து கலக்கிய வாளியிலேயே கை கழுவுகிறார்கள். 2017-ல் மகாராஷ்டிரத்து யவத்மால் ஜில்லாவில் பருத்திக்கு மருந்து அடித்த விவசாயிகளும் கூலியாட்களும் இருபது பேருக்கு மேல் மாண்டார்கள். நமது நாட்டின் பூச்சிமருந்துச் சட்டமே சாவிலிருந்து பிறந்ததுதான்: 1958-ல் கேரளத்தில் பாலிடால் கலந்த உணவைத் தின்று நூறு பேருக்கு மேல் செத்த பிறகு, பத்து வருஷம் கழித்து 1968-ல் அது வந்தது. கதிரடிக்கும் யந்திரங்களில் கைகள் போனதால் 1983-ல் அபாய யந்திரங்கள் சட்டம் வந்தது. இன்று அறுவடை யந்திரத்தில் வைக்கோல் அடைத்துக்கொண்டால், என்ஜினை நிறுத்தாமல் கையை விட்டு இழுக்கச் சொல்லுகிற வழக்கம் உண்டு. வாடகை மணிக்கணக்கு. இரண்டு நிமிஷம் நிறுத்துவதற்கு மனம் வருவதில்லை.

சங்கக் கிளைகளுக்கு நாம் சொல்லுவது இது. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். உங்கள் ஆலையில், உங்கள் கிராமத்தில் நடக்கும் ஒவ்வொரு விபத்தையும், சிறு காயமானாலும், தேதி, நேரம், எந்த யந்திரம், எத்தனை மணி நேரம் தொடர்ந்து வேலை, யார் கூட இருந்தார்கள் என்று எழுதி வையுங்கள். நஷ்ட ஈட்டு வழக்கில் இந்த நோட்டு சாட்சி சொல்லும். தொட்டிக்குள்ளும் எலிவேட்டர் குழிக்குள்ளும் தனியாக யாரும் இறங்க வேண்டாம். ஊறிய நெல் மூச்சுக்காற்றைத் தின்றுவிடும், இடுப்பில் கயிறும் மேலே ஒருவரும் இல்லாமல் இறங்குவதில்லை என்று எல்லோரும் சேர்ந்து சொல்லிவிடுங்கள். ஓடும் பெல்ட்டைக் கையால் மாட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அறுவடை மும்முரம் தொடங்குவதற்கு முன்பே, பெல்ட்டுக்குக் கம்பிவலை, தொட்டிக்குச் சுவர், சாம்பல் வாருகிறவர்களுக்கு முகமூடி, களத்துப் பெண்களுக்குச் செருப்பும் குடிதண்ணீரும் என்று எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு முதலாளியிடம் கொடுங்கள். கொடுத்ததற்கு நகலில் கையெழுத்து வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்ட் தபாலில் அனுப்பி, ரசீதை நோட்டிலேயே ஒட்டி வையுங்கள்.