உடம்பு மறந்துபோனால்?

“ஒரு தடவை மணல்வாரி போட்டுட்டா ஆயுசுக்கும் திரும்ப வராது” என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். சரியான பேச்சுதான். 1846-லேயே ஒரு டாக்டர் இதைத் தீவுத் தீவாகப் போய்ப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார்.

வட அட்லாண்டிக் கடலில் இருக்கும் ஃபாரோ தீவுகளுக்கு அந்த வருடம் மணல்வாரி, அதாவது தட்டம்மை, கடல் வழியாக வந்து இறங்கியது. சுமார் 7,800 பேர் இருந்த ஊரில் ஏறக்குறைய 6,000 பேர் படுத்துவிட்டார்கள். டென்மார்க் அரசு அனுப்பிய பீட்டர் பானும் என்பவருக்கு அப்போது 25 வயது. வயதானவர்களில் சிலரை மட்டும் நோய் தொடவே இல்லை என்பதைக் கவனித்தார். விசாரித்தால், அத்தனை பேருக்கும் 1781-ல், சிறு வயதில், தட்டம்மை வந்திருந்தது! இடைப்பட்ட 65 வருடத்தில் அந்தத் தீவுகளில் இந்த நோயே கிடையாது.

நோய் எதிர்ப்பு சக்தி என்றதும் நமக்குக் கஷாயப் பொடி விளம்பரம்தான் ஞாபகம் வருகிறது. ‘சக்தி’ என்ற வார்த்தை செய்கிற குழப்பம் அது. ஞாபகம் என்று சொன்னால் இன்னும் பொருத்தம். புதுக் கிருமி நுழைந்தால், அதற்குச் சரியான ஆன்டிபாடியைத் தயாரிக்க வெள்ளை அணுக்களுக்கு ஒரு வாரத்துக்கு மேல்கூட ஆகும். அதற்குள் காய்ச்சல் நம்மைப் புரட்டிப் போட்டுவிடும். சண்டை முடிந்ததும் பெரும்பாலான அணுக்கள் செத்துப்போகும்; சில மட்டும் அந்தக் கிருமியின் அடையாளத்தோடு பல வருடம் தங்கிவிடும். அதே கிருமி மறுபடி வந்தால், நமக்குத் தெரியும் முன்பே வேலை முடிந்துவிடும். (சின்னம்மைக் கிருமி மட்டும் நரம்புக்குள் ஒளிந்திருந்து, வயதான காலத்தில் அக்கியாக வரும். அது தனிக் கதை.)

தட்டம்மைக் கிருமி இந்த ஞாபக அணுக்களுக்குள்ளேயே புகுந்து அவற்றை அழிக்கிறது. நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத குழந்தைகளின் ரத்தத்தை, நோய்க்கு முன்னும் பின்னும் எடுத்துப் பரிசோதித்த முடிவு 2019-ல் வெளியானது. மற்ற கிருமிகளுக்கு எதிராகச் சேர்த்துவைத்திருந்த ஆன்டிபாடிகளில் 11 முதல் 73 சதவிகிதம் வரை காணோம்! அம்மை இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றியபிறகும் அந்தக் குழந்தையை நிமோனியாவும் வயிற்றுப்போக்கும் சுலபமாகப் பிடிப்பது இதனால்தான்.

“வந்தா வந்துட்டுப் போகட்டும், உடம்புக்கு நல்லதுதான்” என்கிற பேச்சை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. தடுப்பூசி தட்டம்மையை அடையாளம் காட்டும்; பழைய ஞாபகத்தை அழிக்காது. 9 முதல் 12 மாதத்துக்குள் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். பிள்ளை நடக்க ஆரம்பித்ததும் இந்த இரண்டாவது ஊசி பல வீடுகளில் விட்டுப்போகிறது. தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். விட்டுப்போயிருந்தால், ஐந்து வயதுவரை அங்கேயே போட்டுக்கொள்ளலாம்.