கூட யார் வந்திருக்கா?

எங்க அத்தை மாருல கட்டியோட பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனப்ப, ஓ.பி. சீட்டு எழுதுற இடத்துல கேட்ட முதல் கேள்வி இதுதான்: "கூட யார் வந்திருக்கா?" அத்தை தனியாத்தான் போயிருந்துச்சு. மாமா கரும்பு வெட்டப் போயிருந்தார். "ஆளோட வா" என்று திருப்பி அனுப்பினார்கள். ஆளோடு மறுபடி போவதற்கு ஏழு மாசம் ஆயிற்று. சுண்டைக்காய் அளவிருந்த கட்டி எலுமிச்சம்பழம் ஆகியிருந்தது. மறுவருசம் தை மாசம் அத்தையைப் புதைத்தோம்.

அதே வருசம், அத்தை களையெடுத்த வயலின் சொந்தக்காரம்மாவுக்கும் மாரில் கட்டி. மகன் கார் வைத்து மறுநாளே டவுனுக்குக் கூட்டிப் போனார். பதினொரு வருசமாச்சு, அந்தம்மா நல்லா இருக்காங்க. நல்லாவே இருக்கட்டும். அவங்க பிழைத்ததில் நமக்கு வருத்தமில்லை. நம்ம கேள்வி வேற. ஒரே நோய், ஒரே வருசம். ஒருத்தி பிழைத்தாள், ஒருத்தி செத்தாள். நடுவில் இருந்தது ஊருக்கும் சேரிக்கும் இடையிலான கால் மைல்.

ஊர் இதை விதி என்கிறது. படித்தவர்கள் "விழிப்புணர்வு இல்லை" என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான் தோழர்களே. இரண்டிலும் குற்றவாளி செத்துப்போனவளே. அத்தைக்கு விழிப்புணர்வா இல்லை? குளிக்கும்போது தொட்டுப் பார்த்து, கட்டியென்று தெரிந்து, தனியா பஸ் ஏறிப் போன பொம்பளை அது. இல்லாமல் போனது நாளும் ஆளும்தான்.

மார்பகப் புற்றுநோயில் பிழைப்பதை எது தீர்மானிக்கிறது? நம் நாட்டில் 11 பகுதிகளின் புற்றுநோய்ப் பதிவேடுகளை வைத்து 2024இல் ஓர் ஆய்வு வந்தது. 2012 முதல் 2015 வரை நோய் கண்டறியப்பட்ட 17,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றியது. அய்ந்தாண்டு தாண்டிப் பிழைத்தவர்கள் நூற்றுக்கு 66 பேர். நோய் மார்போடு நின்றபோதே வந்தவர்களில் 81 பேர். அக்குள் நெறிகளுக்குப் பரவிய பிறகு வந்தவர்களில் 65 பேர். எலும்பு, நுரையீரல் என்று தூரத்துக்குப் போன பிறகு வந்தவர்களில் 18 பேர். நோயின் வகையும் வயசும் இதில் சேரும்தான், மறுக்கவில்லை. சில வகை வேகமாக முற்றும். ஆனால் 81க்கும் 18க்கும் நடுவே கிடப்பதில் பெரும்பங்கு காலம். நம்ம பொம்பளைங்க காலம் நாள்கூலிக்கு விற்கப்பட்ட காலம்.

சீக்கிரம் போனால் மட்டும் போதாது. அறுவைச் சிகிச்சை. பிறகு மூணு வாரத்துக்கு ஒரு தடவை என்று மாசக்கணக்கில் கீமோ ஊசி. பிறகு பலருக்கு வாரத்தில் அய்ந்து நாள் வீதம், வாரக்கணக்கில் கரண்ட் வைக்க வேண்டும். கட்டி ஹார்மோனால் வளரும் வகையென்றால் அய்ந்து வருசம், சிலருக்கு அதற்கு மேலும், தினம் ஒரு மாத்திரை. விட்டுவிட்டால் நோய் திரும்பி வரலாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் மருந்துதான் இலவசம், நாள் இலவசமில்லை. ஒவ்வொரு தடவையும் ரெண்டு பேர் கூலி போகிறது. நாலாவது ஊசியோடு ஏன் நின்றுவிட்டாள் என்று எந்த டாக்டரும் சேரிக்கு வந்து கேட்பதில்லை.

மாற்ற முடியாதா? முடியும். அமெரிக்காவில் ஹார்லெம் அந்தக் காலத்தில் நியூயார்க் நகரத்தின் கறுப்பர் சேரியாக இருந்தது. அங்கிருந்த பொது மருத்துவமனையில் ஹெரால்டு ஃப்ரீமேன் என்ற கறுப்பின அறுவை மருத்துவர் தன் நோயாளிகளை எண்ணிப் பார்த்தார். 1964 முதல் 1986 வரை வந்த 606 பெண்களில், அநேகமாக எல்லோரும் கறுப்பர், பாதிப் பேர் நோய் முற்றி வந்தவர்கள். அய்ந்தாண்டு பிழைத்தவர்கள் நூற்றுக்கு 39. கறுப்புத் தோலைக் காரணம் காட்டாமல் வறுமையைக் காட்டினார் அவர். இலவசமாக, குறைந்த செலவில் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தார். 1990இல் இன்னொன்றும் செய்தார். ஒவ்வொரு நோயாளிக்கும் கூட ஓர் ஆள். சீட்டு வாங்க, படிவம் நிரப்ப, தேதி தவறாமல் பார்த்துக்கொள்ள அந்த ஆள். 1995 முதல் 2000 வரை அதே மருத்துவமனைக்கு வந்தவர்களில் அய்ந்தாண்டு பிழைத்தவர்கள் நூற்றுக்கு 70.

நம் பக்கத்திலேயே இன்னொரு சான்று. மும்பைக் குடிசைப் பகுதிகளில் 1998இல் தொடங்கி, ஒன்றரை லட்சம் பெண்களிடம் இருபது வருசம் ஓர் ஆய்வு நடந்தது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணிப்பெண்கள் ரெண்டு வருசத்துக்கு ஒருமுறை கையால் தொட்டுப் பரிசோதித்தார்கள். பெரிய மிசின் எதுவுமில்லை. அய்ம்பது வயசுக்கு மேற்பட்டவர்களிடம் இந்நோய்ச் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்ததாக 2021இல் எழுதினார்கள். அதற்குக் கீழுள்ளவர்களிடம் குறையவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார்கள்.

தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு ஆறு பேர்கூட இல்லை என்கிறது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு. அந்த ஆய்வில் சாதி கேட்கத் தெரிகிறது அரசுக்கு. புற்றுநோய்ப் பதிவேட்டின் அறிக்கைகளில் மட்டும் வயசு வருகிறது, இடம் வருகிறது, எந்தச் சாதிப் பெண் எத்தனை வருசம் பிழைத்தாள் என்பது வருவதில்லை. ஃப்ரீமேன் எண்ணினார், அதனால் சண்டை போட முடிந்தது. எண்ணப்படாத சாவுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இனி நம்மைப் பற்றியும் பேசுவோம். 1972இல் மும்பையில் தலித் சிறுத்தைகள் என்று பெயர் வைத்தபோது, அமெரிக்கக் கறுஞ்சிறுத்தைகளிடமிருந்து அந்தப் பெயரை எடுத்தோம். அவர்கள் பல நகரங்களில் இலவச மருத்துவ நிலையங்கள் நடத்தினார்கள். கறுப்பர்களை அதிகம் தாக்கிய அரிவாள் செல் இரத்தசோகைக்குத் தெருவில் இறங்கிப் பரிசோதனை நடத்தினார்கள். நாம் பெயரை வாங்கினோம், ஆஸ்பத்திரியை வாங்கவில்லை. நம் கூட்டங்களில் தாய்ப்பாலைப் பற்றி முழங்குவோம். மாரில் கட்டி என்று ஒரு தங்கச்சி எழுந்து பேசினால் தலையைக் குனிவோம். அந்தக் கூச்சம் ஊர்க்காரன் கொடுத்ததல்ல, நம்ம ஆம்பளைத்தனம். எங்க அத்தைக்குத் துணையாகப் போகாதவர்களில் நானும் ஒருத்தன். அன்றைக்கு எனக்கு ஒரு ஆர்ப்பாட்டம் இருந்தது.

கோரிக்கை எளியது. பதிவேட்டில் சாதியைக் கேள். சிகிச்சை நாளுக்குக் கூலி கொடு, கூட வருகிற ஆளுக்கும் சேர்த்து. உலக சுகாதார நிறுவனம் 2021இல் தொடங்கிய திட்டத்தின் அளவுகோல் மூன்று: நூற்றுக்கு 60 பேராவது முற்றாத நிலையில் கண்டறியப்பட வேண்டும், வந்த 60 நாளுக்குள் நோய் இன்னதென்று சொல்ல வேண்டும், நூற்றுக்கு 80 பேராவது சிகிச்சையை முடிக்க வேண்டும். இதைச் சேரி சேரியாக அளந்து காட்டு என்று அரசைக் கேட்போம். அதுவரை சும்மா இருக்க வேண்டாம். விடுதி மாணவர்களே, லீவுக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் தெருவில் யாருக்குக் கட்டி இருக்கிறது, யார் ஊசியைப் பாதியில் விட்டது என்று அக்கா தங்கச்சிகளை விட்டுக் கேளுங்கள். ஒரு நோட்டுப் போதும்.

சீட்டு எழுதுற இடத்தில் அடுத்த தடவையும் கேட்பார்கள், "கூட யார் வந்திருக்கா?" என்று. நாம போயிருக்கணும்.